இரண்டு இடி, ஒரு பாட்டு: கொங்கு நாட்டில் சில நாள்

வியாழன், கோயம்புத்தூர்

சித்திரை முடிகிற நேரம். கோவை என்றால் குளுகுளு என்று சென்னையில் இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சேரன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி ஆட்டோவுக்கு நடக்கும்போதே அது போய்விட்டது.

எதற்கு வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் அடுத்த மாதம் ஒரு பாட்டு ஆராதனை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எழுதப்பட்ட கதையை ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. என் தலையில் விழுந்தது ‘ஹௌ கிரேட் தௌ ஆர்ட்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டு. கொயரில் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவனுக்குப் பேசவும் வரும் என்று யார் முடிவு செய்தார்களோ. ஈரோட்டு அத்தையைப் பார்க்க வேண்டியது வேறு நெடுநாளாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து லீவு போட்டுவிட்டேன். ராத்திரி எழுதி அன்றன்றைக்கே போடுவதாகத் திட்டம்.

இன்று தங்கல் உப்பிலிபாளையத்தில், கல்லூரி நண்பன் வீட்டில். மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபைக் கொயரில் டெனர் (ஆண்களின் மேல்குரல்). பாட்டின் பெயரைச் சொன்னதுமே ஆரம்பித்துவிட்டான்.

“இது தெரியாதாடா? ஒரு மிஷனரி மலையில மாட்டிக்கிட்டாரு. இடி, மின்னல். குகைக்குள்ள உக்காந்து ராத்திரியோட ராத்திரியா எழுதி முடிச்சாரு. யூத் கேம்ப்ல சொன்னாங்க.”

எனக்கும் கேம்பில் இப்படித்தான் சொன்னார்கள், குகை மட்டும் இல்லாமல். நான் படித்துத் தெரிந்துகொண்ட வரை இதில் இரண்டு இடி கலந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஐம்பது வருஷம், இரண்டு நாடு, இரண்டு ஆள்.

முதல் இடி சுவீடனில். கார்ல் பூபெரி என்பவர், 1859இல் தென்கிழக்குக் கடலோரத்தில் மன்ஸ்டெரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் இடத்தில் தச்சர். பையனும் கொஞ்ச காலம் கடலுக்குப் போனான், பத்தொன்பது வயதில் மனந்திரும்பினான், பிரசங்கியானான். 1885 கோடையில் ஒரு நாள் கூட்டம் முடிந்து சிலரோடு நடந்து வீடு திரும்புகிறார். அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். திடீரென்று கருமேகம், இடி, மின்னல், காற்று. ஓடி ஒதுங்குகிறார்கள். பெய்து ஓய்ந்ததும் வானவில். வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தால் விரிகுடா அலையில்லாமல் கண்ணாடி போலக் கிடக்கிறது. அக்கரைக் காட்டில் ஒரு பறவை பாடுகிறது, கோயில் மணி கேட்கிறது. அன்று மாலை எழுதியது ‘ஓ ஸ்டோரே கூட்’. ஒன்பது சரணம். அடுத்த வருஷம் உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சானது. இதெல்லாம் பூபெரியே பின்னாளில் சொன்னது.

ஆக அவர் மிஷனரி இல்லை. மலையும் இல்லை, கடலோரம். குகைக்கு வழியே கிடையாது.

இன்னொன்றையும் நண்பனிடம் சொன்னேன். பூபெரியின் வீட்டார் வழியில் வேறொரு பேச்சு உண்டு. இது எட்டாம் சங்கீதத்தைத் தழுவி எழுதியது, அரசாங்கச் சபைக்கு வெளியே கூடியவர்கள் நெருக்கப்பட்ட காலத்தில் மறைவாகக் கூடிய இடங்களில் பாடப்பட்டது என்பார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. “அப்போ இடி பொய்யா?” என்றான். ஏன் பொய்யாக வேண்டும்? மழைக்கு ஒதுங்கி நிற்கிறவன் மனசில் எட்டாம் சங்கீதம் ஓடக் கூடாதா? வானத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டு, இதற்கு நடுவில் மனுஷன் எம்மாத்திரம் என்று கேட்கிற சங்கீதம் அது. வேதத்தை நெட்டுரு போட்டு வளர்ந்த ஒரு பிரசங்கிக்கு இடி கேட்டதும் அது ஞாபகம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சாயங்காலம் ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று நடந்தோம். 1830இல் லண்டன் மிஷன் சங்கத்தின் ஆடிஸ் இந்த ஊருக்கு வந்தபோது ரயில் இல்லை, மில் இல்லை. நொய்யலும் சுற்றியுள்ள குளங்களும் இருந்தன. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது, நொய்யலில் தண்ணீர்தான் பார்க்கிற மாதிரி இல்லை.

வெள்ளி, ஈரோடு

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, வெயில் பக்கமாக. கருமத்தம்பட்டியில் இறங்கி ஜெபமாலை மாதா பேராலயத்தை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். 17ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் இருந்த ஊர். உள்ளே ஒரு பாட்டி சத்தமாகத் தன் மகனைப் பற்றி மாதாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். காது கொடுக்கக் கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

அவிநாசி, பெருந்துறை தாண்டி ஈரோடு வரும் வரை இரண்டு பக்கமும் காய்ந்த காடு. இங்கே காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை, மானாவாரி நிலம். “மழை எப்போங்க?” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். “போன வாரம் கோபிப் பக்கம் பேஞ்சுதுங்க. நம்ம பக்கம் மோடம் போட்டுட்டு அப்படியே போயிருச்சுங்க” என்றார். மேகம் திரண்டால் இவர்களுக்கு அது மோடம்.

அத்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாசலிலேயே “வா கண்ணு, எளச்சுப் போயிட்டே” என்றார். நான் இளைக்கவில்லை. அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். இதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

சாப்பிட்டு முடித்து ஆர்மோனியத்தை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் இசைத் தீர்ப்பெல்லாம் அத்தையிடம்தான். மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலையை மதிப்பார், நம் ராகத்தில் பாடுகிற கீர்த்தனையை நேசிப்பார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளை ராகம் பிசகாமல் பாடுவார். மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட கதையை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“உன் பாட்டுக்கு மெட்டுப் போட்டது யாரு?” என்று கேட்டார்.

யாருமில்லை. அது சுவீடன் நாட்டுப்புற மெட்டு. பூபெரி தன் கவிதையை அச்சில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சில வருஷம் கழித்து வேர்ம்லான்ட் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனால் ஜனங்கள் அதே வரிகளை ஒரு பழைய மெட்டில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தன் பாட்டைத் தானே முதல் தடவையாகக் காதால் கேட்கிறார். இந்த இடம்தான் எனக்கு இடியைவிடப் பிடித்திருக்கிறது. பிரசங்கங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

1891இல் அவர் ஆசிரியராக இருந்த வாரப் பத்திரிகையில் ஒன்பது சரணமும் இசைக் குறிப்போடு வந்தன. அப்போது அது மூன்று எண்ணிக்கைத் தாளம். 1894இல் வந்த சபைப் பாட்டுப் புத்தகத்தில் நான்காக மாறிவிட்டது. உலகம் முழுக்க இன்று பாடுவது அந்த நான்கில்தான்.

அத்தைக்கு இது போதும். மூன்று எண்ணிக்கையான திஸ்ரத்தில் வாசித்துப் பார்த்தார். முதல் வரி முடிவதற்குள் சிரித்துவிட்டார். “ஊஞ்சல் பாட்டு மாதிரி ஆயிருச்சே.” திரும்ப நான்கு எண்ணிக்கையான சதுஸ்ரத்தில். திரும்பத் திஸ்ரத்தில். பல்லவி வரும் இடத்தில் குரல் மேலே ஏறி நிற்பதற்கு நான்கு எண்ணிக்கைதான் சரி, மூன்றில் நிற்க நேரமில்லாமல் ஆட்டம் வந்துவிடுகிறது என்பது அவர் தீர்ப்பு. எனக்கு மூன்றிலும் சரணம் நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. ஆர்மோனியம் அவருடையது.

அப்புறம் மொழி மாறிய கதை. பாட்டு சுவீடனிலிருந்து எஸ்டோனியாவுக்குப் போகிறது. அங்கே மான்ஃபிரெட் ஃபான் கிளேன் என்ற ஜெர்மன் வழிப் பிரபு 1907இல் ஜெர்மனில் ஆக்குகிறார். அந்த ஜெர்மனிலிருந்து 1912இல் ரஷ்யாவின் சுவிசேஷ சபைத் தலைவர் இவான் புரொகானோவ் ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோகிறார். ஆங்கிலம்? அதுவும் நடந்தது, வேறு வழியில். 1925இல் சிகாகோவில் கல்லூரிப் பேராசிரியர் குஸ்தாவ் ஜான்சன் சுவீடிஷிலிருந்து நேராக மொழிபெயர்த்தார். மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் பரவவில்லை. நாம் பாடுகிற ஆங்கிலப் பாட்டு அது இல்லை.

“நேரா வந்தது நிக்கலே, சுத்தி வந்தது நின்னுருச்சு” என்றார் அத்தை, ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே.

சனி, ஈரோடு

காலையில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் பிரப் நினைவாலயம். ஊருக்கு நடுவில், ஜவுளிக்கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் மத்தியில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷனுக்காக வந்த பிரப் பெயரில் இருப்பது. சாலைக்கும் அவர் பெயர். இப்போது போர்டில் வேறு பெயர் இருந்தாலும் ஆட்டோக்காரர் “பிரப் ரோடுங்களா?” என்றுதான் கேட்டார்.

ஆனால் ஈரோட்டில் எனக்கு முக்கியமானவர் இன்னொருவர். ஹெர்பர்ட் ஆர்தர் பாப்லி. அவரும் லண்டன் மிஷன் ஊழியர், இந்தப் பகுதியில் வேலை செய்தவர். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு, கதாகாலட்சேபமாக இயேசுவின் கதையைப் பாடிச் சொன்ன வெள்ளைக்காரர். 1921இல் ‘தி மியூசிக் ஆஃப் இந்தியா’ எழுதினார். இந்திய இசை பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் கையில் எடுக்கிற புத்தகம். 1931இல் திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்த குறள்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்கன் வாசித்து ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்யாமல், சாயங்காலம் ஊர் மந்தையில் தாளக்கட்டையோடு உட்கார்ந்தால்தான் இந்த ஜனங்கள் கேட்பார்கள் என்று கண்டுகொண்டவர்.

அத்தை கூட வந்திருந்தார். பாப்லியைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது. “அவ்வளவு கஷ்டப்பட்டு நம்ம ராகத்துல பாடக் கத்துக்கிட்டாரு. இப்ப நம்ம புள்ளைங்க கிடார் இல்லாம ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேங்குதுக.” நான் எதிர்வாதம் செய்தேன். பூபெரியின் பாட்டு 1891இல் அச்சானபோதே பியானோவோடு கிடாருக்கும் குறிப்பு போட்டிருந்தார்கள். அத்தை நம்பவில்லை.

பாப்லியை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அவர் இங்கே ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனது போலவே, கொஞ்ச காலம் கழித்து கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைகளில் இன்னொரு இங்கிலாந்துக்காரர் போய்க்கொண்டிருந்தார். ஸ்டூவர்ட் ஹைன். 1930களில் மேற்கு உக்ரைன் பக்கம் மனைவியோடு சேர்ந்து இருவராகப் பாடி ஊழியம் செய்தவர். அங்கேதான் புரொகானோவின் ரஷ்யப் பாட்டு அவருக்குக் கிடைக்கிறது. முதலில் ரஷ்ய மொழியிலேயே பாடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான்.

இரண்டாவது இடி இங்கேதான். மலைக்கிராமம் ஒன்றில் இருக்கும்போது இடியும் மின்னலும் மலைகளுக்குள் எதிரொலிக்க, ஆங்கிலத்தின் முதல் சரணம் உருவாகிறது. அப்புறம் ருமேனியாவின் புக்கோவினாவில் காட்டு வழியே போகும்போது இளைஞர்கள் சிலர் மண்டோலினும் கிடாருமாக அதே ரஷ்யப் பாட்டைப் பாடுகிறார்கள். மரங்கள், பறவைகள் வரும் இரண்டாம் சரணம் அங்கே. நாம் பாடும்போது கண்ணில் தெரிகிற அந்த உயர்ந்த மலை கார்பாத்திய மலை. மன்ஸ்டெரோஸ்காரருக்கு ஜன்னலில் தெரிந்தது விரிகுடா.

மூன்றாம் சரணத்துக்கு சுவீடிஷில் மூலமே இல்லை, அது ஹைனுடையது. அவரே எழுதி வைத்த விவரம் இது. ஒரு மலைக்கிராமத்துக்குப் போகிறார்கள். அங்கே கிறிஸ்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தால், திமித்ரி, லுட்மிலா என்ற தம்பதி மட்டும்தான். அந்த வீட்டில் ஒரு வேதாகமம். பல வருஷம் முன்னால் ரஷ்யச் சிப்பாய் ஒருவன் விட்டுப்போனது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. லுட்மிலா தானாகவே எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொண்டதும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வாசித்துக் காட்டத் தொடங்குகிறார்.

ஹைன் தம்பதி அந்த வீட்டை நெருங்கும்போது உள்ளே யோவான் சுவிசேஷத்தில் சிலுவைப் பாடு வாசிக்கப்படுகிறது. இவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்கிறார்கள். மனந்திரும்புகிறவர்கள் உரக்கச் சொல்லி ஜெபிப்பது அந்த ஊர் வழக்கம். தேவன் தன் குமாரனைக் கூடத் தடுத்து வைத்துக்கொள்ளவில்லையே என்று அவர்கள் வியந்து சொன்ன சொற்களை ஹைன் காதில் வாங்கிக்கொள்கிறார். உள்ளே போய் அந்த ஜெபத்தைக் கலைக்கவில்லை. கேட்டதைப் பாட்டாக்கினார்.

எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு கிராமத்துப் பெண்ணும், பெயர் தெரியாத அவளுடைய அயல்வீட்டாரும் இந்தப் பாட்டின் ஆசிரியர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். பாட்டுப் புத்தகத்தில் ஹைன் பெயர் மட்டும் இருக்கிறது.

அத்தை இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் பேசவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவர். அப்புறம், வழியில் ஒரு கடையைக் காட்டி, “இங்க கரும்புப்பால் நல்லா இருக்கும், குடிக்கிறியா?” என்றார்.

ஞாயிறு, கோபிக்கு அப்பால்

அத்தையின் உறவினர் ஒருவர் ஆயராக இருக்கும் கிராமத்து சபை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து டவுன் பஸ், இறங்கி ஒரு இட்டேரி வழியாக நடை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம். கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற பூமி என்பதால் வெள்ளிக்கிழமை பார்த்த காய்ந்த காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாழை, கரும்பு, மஞ்சள், தென்னை. சினிமாக்காரர்கள் இந்த ஊரைச் சின்னக் கோடம்பாக்கம் ஆக்கியதில் தப்பில்லை.

ஆராதனையில் அந்தப் பாட்டைத் தமிழில் பாடினார்கள். அத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார் போல. கீபோர்டு வாசித்த பையன் ஒரு தாளத்தைப் போட்டுவிட, சபை வேறொரு வேகத்தில் போக, கடைசிச் சரணத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். ஆனாலும் பல்லவியில் குரல் உயர்ந்த இடத்தில் கூரை அதிர்ந்தது உண்மை.

முடிந்ததும் வேப்பமரத்தடியில் டீ. எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாழைப் பண்ணையம். ஆயர் என்னை அறிமுகம் செய்து, தம்பி இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறார் என்றார்.

“நல்ல பாட்டுங்க” என்றார் பெரியவர். “ஆனா அந்த இடி வர்ற வரி எனக்குப் பாட வாய் வராதுங்க.”

“ஏனுங்க ஐயா?”

“போன வாரம் இங்க பேஞ்சுது பாருங்க. மழை நாலு தூத்தல்தான். காத்து அடிச்சுது பாருங்க, முந்நூறு மரம் சாஞ்சிருச்சு. நேந்திரன், தார் விட்டு நின்னுது. இன்னும் ஒன்றரை மாசம் இருந்தா வெட்டியிருக்கலாம். இடிச்சா எங்களுக்கு வாழைதானுங்க ஞாபகம் வரும்.”

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் சூறைக்காற்றுக்கு வாழை சாய்வது வருஷா வருஷம் பேப்பரில் வரும். தார் விட்ட மரத்துக்குத் தலை கனம். வேர் ஆழம் போகாது. முட்டுக் கொடுத்துக் கட்டினாலும் பெருங்காற்றில் வரிசையாகச் சாயும். பூபெரிக்கும் ஹைனுக்கும் அன்றைக்கு அந்த மழையில் சாய எதுவும் இல்லை. இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

“அப்ப அந்த வரி வரும்போது என்னங்க பண்ணுவீங்க?”

“சும்மா நிப்பனுங்க. மத்தவங்க பாடுவாங்க. கடைசி சரணத்துக்கு நான் வந்துருவேன்.”

கடைசிச் சரணம் ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆயர்தான் பிறகு சொன்னார், அவர் மனைவி தவறி இரண்டு வருஷமாகிறது என்று.

அந்தச் சரணத்தின் கதையை அங்கேயே பெரியவரிடம் சொன்னேன். போர் வந்ததும் 1939இல் ஹைன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிடுகிறார். போர் முடிந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகள் வந்து குவிகிறார்கள். எப்போது வீட்டுக்குப் போவோம் என்பதுதான் அவர்கள் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. 1948இல் சசெக்ஸில் ரஷ்யர்கள் இருந்த ஒரு முகாமுக்குப் போகிறார். அங்கே ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். போரில் மனைவியைப் பிரிந்துவிட்டார். பிரியும்போது மனைவி விசுவாசி, இவர் இல்லை. பிறகு இவரும் விசுவாசத்துக்கு வந்துவிட்டார், அதை அவளிடம் சொல்ல வழியில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியாது. இனிப் பரலோகத்தில்தான் பார்க்க வேண்டும் என்கிறார். கிறிஸ்து வந்து வீட்டுக்கு அழைத்துப்போவதைப் பாடுகிற நான்காம் சரணம் இந்த மனிதரை வைத்துப் பிறந்தது. 1949இல் ஹைன் தன் சொந்தப் பத்திரிகையில் நான்கு சரணத்தையும் வெளியிட்டார். பூபெரி எழுதி 64 வருஷம்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “அந்தம்மா கிடைச்சாங்களாங்க?” என்றார்.

“தெரியலீங்க ஐயா.”

“கிடைச்சிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கழுவி வைக்கப் போய்விட்டார்.

மதியம் ஆயர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. காரத்தில் கண்ணீர் வந்தது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

திங்கள், சத்தியமங்கலம், திம்பம்

தனியாக வந்தேன். அத்தைக்கு மலைப்பாதை ஆகாது. சத்தியில் பஸ் மாறி பண்ணாரி தாண்டினால் ஏற்றம் தொடங்குகிறது. திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். லாரி ஒன்று வளைவில் திரும்பும் வரை மற்ற வண்டிகள் எல்லாம் நின்று காத்திருக்க வேண்டும். மேலே காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் நிற்பது இப்போது சகஜம். இன்று இல்லை. ஒரு குரங்கு என் முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டது.

திம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்து கீழே சமவெளியைப் பார்த்தபடி மிச்சத்தை எழுதுகிறேன். மேகம் உண்டு. இடி இல்லை. கட்டுரைக்கு வசதியாக ஒரு மழை வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நேற்றிலிருந்து, வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மிச்சம் இருப்பது இந்தியா வருகிற பகுதி. இதைச் சொன்னால் சபையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எனக்கு ஒரு ஆசை. ஹைன் அச்சிட்ட தாள்கள் ஆங்கிலம் தெரிந்த மிஷனரிகள் வழியாகப் பல நாடுகளுக்குப் போயின. 1954இல் மகாராஷ்டிராவில் நாசிக்குக்குப் பக்கத்தில் தேவலாலியில் ஒரு மாநாடு. எட்வின் ஓர் என்ற பிரசங்கியார் அங்கே வடகிழக்கிலிருந்து வந்த நாகா பாடகர் குழு ஒன்று இந்தப் பாட்டைப் பாடக் கேட்டு அசந்துபோகிறார். அமெரிக்காவுக்குத் திரும்பும்போது பாட்டையும் எடுத்துப் போய் கலிஃபோர்னியாவில் ஒரு முகாமில் கற்றுக்கொடுக்கிறார். முகாமுக்கு வந்த பிள்ளைகள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோக, அப்பா டிம் ஸ்பென்சர், கௌபாய்ப் பாட்டுகள் பாடிப் புகழ் பெற்றவர், அப்போது கிறிஸ்தவப் பாட்டுப் பதிப்பகம் வைத்திருந்தவர், ஹைனிடம் பேசி உரிமை வாங்குகிறார்.

சுவீடனிலிருந்து சிகாகோவுக்கு நேராகப் போன மொழிபெயர்ப்பு 1925லிருந்து அமெரிக்காவிலேயே இருக்கிறது. அமெரிக்கா பிடித்துக்கொண்டதோ எஸ்டோனியா, ரஷ்யா, உக்ரைன், இங்கிலாந்து, நாகா மலை, தேவலாலி என்று சுற்றிக்கொண்டு வந்ததை. அத்தை வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். எனக்கென்னவோ, ஜான்சன் மொழிபெயர்ப்பில் குறை எதுவும் இல்லை, அதில் லுட்மிலா வீட்டு வாசலும் சசெக்ஸ் முகாமும் இல்லை, அவ்வளவுதான் என்று படுகிறது. இடி, மழை, பறவை எல்லாம் அதிலும் இருக்கிறதே.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாமின் கூட்டங்களில் ஜார்ஜ் பெவர்லி ஷே பாடினார். 1957இல் நியூயார்க் கூட்டங்களில் மட்டும் ஏறக்குறைய நூறு முறை. 1967இல் எல்விஸ் பிரெஸ்லி இதே பெயரில் ஆல்பம் போட்டு கிராமி விருது வாங்கினார். பூபெரி 1940இல் காலமாகிவிட்டார். கவிஞர், பத்திரிகையாசிரியர், இருபது வருஷம் போல சுவீடன் நாடாளுமன்ற உறுப்பினர். தன் பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியதைப் பார்க்க அவர் இல்லை.

பாட்டு வரிகளை ஏன் ஒரு இடத்திலும் எடுத்துப் போடவில்லை என்று வெள்ளிக்கிழமையே இதைப் படிக்கிற ஒருவர் கேட்டிருந்தார். ஹைன் இறந்தது 1989இல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் உரிமை உண்டு. திரையில் வரிகள் போடுகிற சபைகளும் இதைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது. எங்கள் சபையும்தான்.

இதை எழுதும்போதே கொயர் லீடர் அண்ணனுக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். பதினோரு நிமிஷம் வந்தது. பதில் உடனே வந்தது: “தம்பி, உனக்கு அஞ்சு நிமிஷம்தான். எல்விஸ் இருக்கட்டும், யூத்துக்குப் பிடிக்கும்.”

எல்விஸை எடுத்துவிட்டேன். ஸ்பென்சரையும். எஸ்டோனியப் பிரபுவுக்கு ஒரு வரி. லுட்மிலாவுக்கு இரண்டு நிமிஷம், முகாம் மனிதருக்கு ஒன்றரை. இடிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், அதையும் இரண்டு இடியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். நான்காம் சரணத்தை மட்டும் கீபோர்டு இல்லாமல் சபையார் பாடட்டும் என்றும் கேட்டிருக்கிறேன். “பார்க்கலாம். முதல்ல பேஸ் பார்ட் ஒழுங்கா படிச்சிட்டு வா” என்று வந்திருக்கிறது. சத்திக்குக் கடைசி பஸ் நாலரைக்கு என்கிறார் கடைக்காரர்.